மூன்றாவது கருவேலம்

கூழைக்கடா முப்பத்திநாலு என்று அவர் சொன்னார், கூழைக்கடா முப்பத்திநாலு என்று நானும் சொல்லிவிட்டு எழுதினேன். இதுதான் எங்கள் முறை, இருபத்திரண்டு வருஷமாக மாறாத முறை. அவர் ஸ்கோப் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது, எடுத்தால் எண்ணிக்கை தப்பும். நான் தாளிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது, எடுத்தால் கட்டம் மாறும். அவர் சொன்னதை நான் சத்தமாகத் திருப்பிச் சொன்ன பிறகுதான் அடுத்த பறவைக்குப் போவார். கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் நான் பேசுவதை இந்த மனுஷன் காது கொடுத்துக் கேட்பது ஜனவரி மாதத்தில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிற இந்த இரண்டு நாளில்தான், அதுவும் அவர் சொன்னதையே நான் திரும்பச் சொல்வதால். பனி இன்னும் முழுசாக விலகவில்லை. கருவநல்லூர்க் குளம் கீழே பரந்து கிடக்கிறது, தண்ணீர் எது பனி எது என்று தெரியாத ஒரு வெளுப்பு, அதற்குள்ளிருந்து கொக்கரிப்பும் கனைப்பும் சிறகடிப்பும் ஒன்றாக எழும்பி வந்து பறவை பார்க்கக் கட்டிய இந்தக் கோபுரத்தின் மேல்தட்டில் முட்டுகின்றன. சிமெண்டுத் திண்டு ஈரமாக இருந்ததால் நேற்றைய பேப்பரை விரித்து உட்கார்ந்திருக்கிறேன். அவர் நிற்கிறார், முக்காலியில் நிற்கிற ஸ்கோப்புக்கு முன்னால் முதுகை வளைத்து, இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. அந்த நிற்பைப் பார்த்தால் எல்லாம் வழக்கம்போல இருப்பதாகத்தான் யாருக்கும் தோன்றும். முப்பத்திநாலு. எழுதி முடித்தும் என் பேனா அந்தக் கட்டத்தைவிட்டு நகரவில்லை. இந்த முப்பத்திநாலை நான் முன்பே எழுதியிருக்கிறேன், இதே கட்டத்தில், போன ஜனவரியில், சுத்தப் பிரதி எடுக்கும்போது நாலின் வால் நீண்டுவிட்டதே என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. சரி, போன வருஷமும் முப்பத்திநாலு, இந்த வருஷமும் முப்பத்திநாலு, பறவை என்ன வேறு எண்ணில் வருகிறேன் என்று எழுதியா கொடுத்திருக்கிறது. அப்படி நினைத்துக்கொண்டே முறையை மீறித் தலையைத் தூக்கினேன். கிழக்குக் கரையோரம் வெள்ளை வெள்ளையாக மிதக்கிறதே, அது என் வெறுங்கண்ணுக்கே அம்பதுக்குக் குறையாது. மறுபடி தாளைப் பார்த்தேன்.

இங்கே நான் பறவை பார்க்க வந்தவளே இல்லை. சனிக்கிழமையானால் விடிவதற்குள் எழுந்து காணாமல் போகிற புருஷன் எங்கேதான் போகிறார் என்று பார்க்க வந்தவள். ஜியாகரபி வாத்தியார் அருமைநாயகம் குளத்தங்கரையில் நின்றுகொண்டு தாழைக்கோழியை எண்ணிக்கொண்டிருந்தார், வேறு ஒருத்தியும் இல்லை. எனக்கு நிம்மதியும் கொஞ்சம் ஏமாற்றமுமாக இருந்தது, சண்டைக்கு வேண்டிய பேச்சையெல்லாம் வழியிலேயே தயார் செய்திருந்தேன். "வந்ததுதான் வந்த, இதப் பிடி," என்று நோட்டைக் கையில் கொடுத்தார். அன்றைக்குப் பிடித்தது. ஸ்கோப்பை என்னிடம் கொடுத்ததெல்லாம் விரல்விட்டு எண்ணலாம், கொடுத்தாலும் "சீக்கிரம் பாரு, பறந்துரும்" என்று தோளுக்குப் பின்னாலேயே நிற்பார், எனக்கு என் கண்ணிமைதான் தெரியும். ஆனாலும் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டேன். நாமக்கோழிக்கு நெற்றியில் வெள்ளை, நெடுங்கால் உள்ளானுக்குக் குச்சிக்கால், நத்தைகொத்தி நாரைக்கு வாயை மூடினாலும் நடுவில் ஒரு சந்து. நான் கற்றுக்கொண்டது அவருக்குத் தெரியாது, நான் சொன்னதுமில்லை, சொல்லியிருந்தால் பரீட்சை வைத்திருப்பார். இதெல்லாம் எதற்கு இப்போது ஓடுகிறது. முப்பத்திநாலை நினைக்காமல் இருக்கத்தான். கொஞ்ச நாளாக இன்னொன்றும் இருக்கிறது. இவர் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. காதைப் பார்த்துப் பேசுகிறார். சாப்பாடு போடும்போது, பேப்பரை மடிக்கும்போது, என்ன சொன்னாலும் பார்வை என் இடது காதில் வந்து நிற்கிறது. முதலில் கம்மலைப் பார்க்கிறார் என்று நினைத்தேன், திருகு கழன்றிருக்கிறதோ என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். பிறகு எதையோ என்னிடம் மறைக்கிறார், அதனால்தான் முகத்துக்கு நேரே பார்க்க முடியவில்லை என்று நினைத்தேன். கிறிஸ்துமஸ் அன்று காபியை டம்ளருக்கு வெளியே ஊற்றினார், மேஜையெல்லாம் வழிந்து விரிப்பு நனைந்து சூடு தொடையில் பட்ட பிறகுதான் நிறுத்தினார். "கை நடுங்கிட்டு," என்றார். அவர் கை நடுங்கவில்லை. நான் துடைத்துவிட்டு வேறு காபி போட்டேன்.

"நத்தைகொத்தி நூத்தி இருவத்தாறு." நத்தைகொத்தி நூற்றி இருபத்தாறு, என்று என் வாய் சொல்கிறது, கை எழுதுகிறது. நூற்றி இருபத்தாறும் போன வருஷத்து எண். ஒன்று ஒத்துப்போகலாம், இரண்டும் ஒத்துப்போகுமா. இவர் குளத்தைப் பார்க்கவில்லை, போன வருஷத்து நோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், நோட்டும் மனசுக்குள் இருக்கிறது. அவருக்குக் கண் தெரியவில்லை. இதை இத்தனை நாளில் மனசுக்குள்கூட நான் முழுசாகச் சொன்னதில்லை, கை நடுக்கம், பனி, கண்ணாடி மாற்றணும் என்று பாதிப் பாதியாகவே வைத்திருந்தேன். இன்று காலையில் வழியெல்லாம் ஒரு பால்வண்டிக்குப் பின்னாலேயே ஸ்கூட்டரை ஓட்டி வந்தார், முந்த இடமிருந்தும் முந்தவில்லை. "என்னங்க இன்னைக்கு இவ்வளவு நிதானம்," என்றேன். "பனி," என்றார். பனி இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் பால்வண்டிக்காரனுக்கும் அதே பனிதானே. பின்னால் உட்கார்ந்து ஜெபம் பண்ணிக்கொண்டே வந்தேன், ஜெபத்துக்கு நடுவில் திரும்பிப் போகிறபோது முன்னால் வழிகாட்ட எந்த வண்டி கிடைக்கும் என்று யோசித்தேன், கர்த்தர் மன்னிக்கட்டும். இப்போது என்ன செய்வது. கோர்ட்டில் முப்பத்தொரு வருஷம் டைப் அடித்தவள் நான். சாட்சி சொல்வதை அடிப்பதுதான் வேலை, அவன் பொய் சொல்கிறான் என்று கோர்ட் பல்லிக்குக்கூடத் தெரிந்தாலும் விரல் நிற்கக் கூடாது. அந்தப் பழக்கத்தில் இதையும் எழுதிக்கொண்டே போய்விடலாம். அவர் சொன்னார், நான் எழுதினேன், பாவம் அவர் தலையில். ஆனால் இந்தச் சாட்சிக்கு நான் பெண்டாட்டி. அதோடு இவர் யார், பறவைக்காரர்களுக்குள் இவருக்கு இருக்கிற பெயர் என்ன. ஒருமுறை யாரோ 'சுமார் நூறு' என்று எழுதிக் கொடுத்ததற்கு அத்தனை பேர் முன்னால் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்தவர். "சுமார்னு ஒரு பறவை கெடையாதுய்யா," என்றார். அவருடைய தாளை மட்டும் யாரும் மறுபடி சரிபார்ப்பதில்லை, அப்படியே அறிக்கையில் ஏறும். அந்தத் தாளில்தான் இப்போது நான் பொய்யை அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

படியில் பூட்ஸ் சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். வனக்காவலர் இசக்கியப்பன், பிளாஸ்கும் மூன்று டம்ளருமாக வந்தார். பத்துப் பன்னிரண்டு வருஷமாக இந்தக் குளத்தைக் காக்கிறவர். இந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு ஒரு சரவெடிகூட வெடிக்காமல், கல்யாணத்துக்கு ஒலிபெருக்கி கட்டாமல், பறவை மிரளக் கூடாது என்று வாழ்கிறவர்கள், அதில் இவர் இன்னும் ஒரு படி மேலே, இருமினால்கூட துண்டை வாயில் வைத்துக்கொள்வார். "சார், எப்படி, போன வருசத்தவிட கூடவா கொறையவா?" என்று ரகசியம்போலக் கேட்டார். அவர் ஸ்கோப்பிலிருந்து எழும்பாமலே, "ஏறக்கொறைய அதே மாதிரிதான் இருக்கு," என்றார். ஏறக்குறைய. இந்த வார்த்தை இவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. "எனக்குக் கூழைக்கடா கொஞ்சம் கூடுதலாத் தெரியுது சார். வெள்ளத்துக்குப் பொறவு மீனு நெறைய ஏறியிருக்குல்லா," என்றார் இசக்கியப்பன். டீயை நானே வாங்கி என் வீட்டுக்காரர் கைக்குள் வைத்தேன், அந்தரத்தில் தேடுகிற விரல்களை இசக்கியப்பன் பார்த்துவிடக் கூடாதே என்று அவசரமாக வைத்ததில் என் புறங்கையில் சிந்திவிட்டது. சுட்டது. சுடவில்லை என்கிற மாதிரி சிரித்தேன். இசக்கியப்பன் கீழே இறங்கிப் போகும்வரை அந்தச் சிரிப்பை எடுக்காமல் வைத்திருந்தேன். எவ்வளவு சுலபமாக நான் இதற்குப் பழகிவிட்டேன் என்று அப்போது தோன்றியது. டம்ளரைக் கைக்குள் வைக்கிறேன், செருப்பை நேராகத் திருப்பி வைக்கிறேன், சர்ச்சில் பாட்டுப் புத்தகத்தைப் பக்கம் திறந்து கொடுக்கிறேன், அவரும் மனப்பாடமாகப் பாடிவிடுகிறார். ஏன் சொல்லவில்லை. பயம்தான், வேறு என்ன. ரிட்டயர் ஆன அன்றைக்கு மாலையும் சால்வையுமாக வந்தவர் அதைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, நாளைக்குக் குளத்துக்குப் போகணும், சீக்கிரம் படு என்றார். குளம் இருந்ததால் பள்ளிக்கூடம் போனது அவருக்குத் தெரியவில்லை. குளமும் போனால் இவரிடம் என்ன மிஞ்சும். வீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, நான் வெண்டைக்காய் நறுக்குவதற்கு யோசனை சொல்கிற ஒரு ஆள். அந்த ஆளோடு நான் இன்னும் எத்தனை வருஷம் இருக்கணும் என்று நினைத்தேன், உடனே அந்த ஆளாவது இருக்கணுமே என்றும் நினைத்தேன். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"அடுத்து கருவேல மரங்க," என்றார். ஸ்கோப்பை இடது பக்கம் திருப்பினார், எவ்வளவு திருப்பணும் என்று அவர் கைக்குத் தெரியும், கண் தேவையில்லை. குளத்துக்குள் இடப்பக்கம் வரிசையாக நிற்கிற கருவேல மரங்கள் இவருக்கு வகுப்புப் பிள்ளைகள் மாதிரி, முதலாவது, இரண்டாவது என்றுதான் பெயர். "மொத மரம், சின்ன நீர்க்காகம் இருவது." இருபது என்றேன். "ரெண்டாவது மரம், காலி." காலி என்றேன். "மூணாவது மரம், பாம்புத்தாரா பதினொண்ணு." நான் தலையைத் தூக்கினேன். பனி விலகியிருந்தது. முதல் மரம் நின்றது. இரண்டாவது நின்றது. அதற்கடுத்து ஒரு வெறும் இடம், அந்த இடத்தின் வழியாக எதிர்க்கரைப் பனைகள் தெரிந்தன, போன வருஷம் இங்கே உட்கார்ந்தால் தெரியாத பனைகள். கீழே தண்ணீரில் ஒரு பெரிய வேர்த்தூர் மண்ணோடு மேல்நோக்கிக் கிடந்தது. டிசம்பர் வெள்ளம் சாய்த்திருக்கிறது. பாலம் உடைந்து பாதை திறக்காததால் வெள்ளத்துக்குப் பிறகு இன்றுதான் நாங்கள் வருகிறோம். மூன்றாவது மரம் இல்லை. இல்லாத மரத்தில் பதினொன்று உட்கார்ந்திருக்கிறது. பதினொன்று. வாய் திறந்தால் போதும், பதினொன்று என்று சொல்லிவிடலாம், நாலாவது மரத்துக்குப் போய்விடுவார், எட்டரைக்கு எல்லாம் முடிந்துவிடும், இட்லி இருக்கிறது, சாப்பிட்டுவிட்டுப் போகலாம். பதினொன்று. கூழைக்கடாவைக் கூட்டிச் சொன்னாலும் குறைத்துச் சொன்னாலும் கூழைக்கடா அங்கே இருக்கிறது. இது அப்படியில்லை. இந்த எண்ணுக்கு நிற்க ஒரு கிளைகூட இல்லை. பேனா முனை கட்டத்தில் ஊன்றியபடியே இருந்தது, மை ஊறி ஒரு புள்ளி பெரிதாகிக்கொண்டு வந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏன் திருப்பிச் சொல்லல?" என்றார்.

"சொல்லுதேன்."

"பாம்புத்தாரா பதினொண்ணு, செல்வம்."

"அந்த மரம் இல்லைங்க," என்றேன்.

"எந்த மரம்?"

"மூணாவது கருவேலம். வெள்ளத்துல சாஞ்சிட்டு. வேரு மேல கெடக்கு. ஸ்கோப் இல்லாமலே தெரியுது."

கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம். அவர் ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, ரொம்ப நேரம் எடுக்கவில்லை, இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் மரம் முளைத்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. நீர்க்காகம் ஒன்று தண்ணீரைக் காலால் தட்டித் தட்டி எழும்பிப் போனது. பிறகு முதுகை நிமிர்த்தினார், நிமிர்த்தும்போது இடுப்பில் கை வைத்துக்கொண்டார், அறுபத்தேழு வயது அப்போதுதான் அவர்மேல் ஏறிய மாதிரி எனக்குத் தெரிந்தது. "நடுவுல ஒண்ணும் இல்ல செல்வம்," என்றார். "நேரா பாத்தா அழிச்சிவிட்ட மாதிரி இருக்கு. எதப் பாக்கேனோ அது மட்டும் இல்ல. கொஞ்சம் ஒதுக்கிப் பாத்தா ஓரத்துல தெரியுது." எப்போதிலிருந்து என்றேன். தீபாவளிக்கு முன்னாலிருந்து என்றார். ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன என்றேன். "போனா உனக்குத் தெரிஞ்சிரும்லா," என்றார். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. மூன்று மாதமாக ஒரு வீட்டுக்குள் இரண்டு பேரும் ஒருவரிடமிருந்து ஒருவர் ஒரே விஷயத்தை ஒளித்து வைத்திருக்கிறோம், இரண்டு கிழங்களுக்கும் வேறு வேலை இல்லை. இந்தக் கண்ணோடு என்னைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டி வந்திருக்கிறீர்களே என்று கத்த வாயைத் திறந்தேன், பறவை மிரளுமே என்று மூடிக்கொண்டேன், அந்த நேரத்திலும் அது ஞாபகம் வந்தது. கோபம் போன வழியில் வேறொன்று வந்தது. ஓரத்தில்தான் தெரியும் என்கிறாரே. "அப்ப என் மொகம்?" என்று கேட்டேன்.

"ஒன் காதப் பாத்தா மொகம் தெரியும்," என்றார்.

கம்மலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேனே, எதையோ மறைக்கிறார் என்று மூன்று மாதம் மனசுக்குள் ஏசினேனே, அத்தனை நாளும் இந்த மனுஷன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அழுகை வந்தது, அழுதேன், முந்தானையில் மூக்கைச் சிந்தினேன், அவருக்கு இது ஓரத்தில் தெரியுமோ தெரியாதோ. "திங்கக்கிழம கண்ணாஸ்பத்திரிக்குப் போறோம்," என்றேன். "போவோம்." "ஸ்கூட்டர இசக்கியப்பன் வீட்டுல விட்டுட்டுப் பஸ்லதான் இன்னைக்கு." "சரி," என்றார், இவ்வளவு சீக்கிரம் சரி என்று சொன்னதில்லை, அவரும் வழியெல்லாம் பயந்துதான் வந்திருக்கிறார். பிறகு என் தாளைக் காட்டி, அதாவது தாளுக்கு ஒரு சாண் தள்ளிக் காட்டி, "அதெல்லாம் அடிச்சிரு. மொதல்ல இருந்து எண்ணணும்," என்றார். முப்பத்திநாலையும் நூற்றி இருபத்தாறையும் இருபதையும் ஒவ்வொரு கோடாக அடித்தேன். காலி என்று எழுதியதையும் அடித்தேன்.

"அப்ப அந்தத் தாராவெல்லாம் எங்க போச்சு?" என்றார். அவருக்கு அதுதான் கவலை. நான் எழுந்து ஸ்கோப்புக்குப் போனேன். அவர் நின்ற இடம் வெதுவெதுப்பாக இருந்தது. முதலில் வழக்கம்போல என் இமைதான் தெரிந்தது. "ஒட்டாத, கொஞ்சம் வெலகி நில்லு," என்றார், பறந்துரும் என்று சொல்லவில்லை. விலகினேன். வட்டத்துக்குள் தண்ணீர் வந்தது, மண் ஒட்டிய வேர் வந்தது, அந்த வேர் முழுக்கக் கறுப்பாக அவை உட்கார்ந்திருந்தன, சிறகை இரண்டு பக்கமும் விரித்து, நனைந்த சட்டையைக் காயப்போட்ட மாதிரி. மரம் விழுந்ததற்கு அவை எங்கேயும் போகவில்லை, மேலிருந்து கீழே இறங்கி உட்கார்ந்துகொண்டன, அவ்வளவுதான். ஒன்று கழுத்தை வளைத்து முதுகைக் கோதியது. இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு நேரம் நான் பார்த்ததே இல்லை. "இருக்குங்க, விழுந்த மரத்து வேர்லயே இருக்கு," என்றேன். அவர் பக்கத்தில் வந்து நின்றார், மூச்சு என் தோளில் பட்டது. "எத்தன?" இடமிருந்து எண்ணினேன், வலமிருந்து எண்ணினேன். ஒன்பது. பதினொன்று என்று சொல்லிவிட நாக்கு துடித்தது, இந்த ஒரு காலையில் இந்த மனுஷனுக்குப் பதினொன்றைக் கொடுத்தால் என்ன குடிமுழுகிப் போகும். கொடுக்கலாம், அவரால் பார்த்துச் சரி செய்ய முடியாது. முடியாது என்பதால்தான் கொடுக்க முடியவில்லை. "ஒம்பது," என்றேன். "நல்லாப் பாத்தியா?" "நல்லாப் பாத்தேன். ஒம்பதுதான்." அவர் கொஞ்சம் யோசித்தார். "தாரா முங்குத பறவ. எப்பவும் ஒண்ணு ரெண்டு தண்ணிக்குள்ள மீன் பிடிச்சிக்கிட்டு இருக்கும். அவசரப்படாத. வேருக்கு வலப்பக்கம் பாத்துக்கிட்டே இரு," என்றார்.

பார்த்துக்கொண்டே இருந்தேன். வெயில் தண்ணீரில் இறங்கிவிட்டது, கண் கூசியது. கீழே இசக்கியப்பன் துண்டுக்குள் இருமினார். இவருக்கு இது எல்லாமே தெரியும், எந்தப் பறவை எங்கே இருக்கும், எப்போது மேலே வரும், என்ன சொன்னால் நான் பொறுத்திருப்பேன், கண்ணைத் தவிர எல்லாம் அப்படியே இருக்கிறது. வலப்பக்கம் தண்ணீர் மெல்லச் சுழித்தது. ஒரு கழுத்து மட்டும் எழும்பி நின்றது, பாம்புதான் என்று நினைத்துப் பதறிப்போனேன், வாயில் மீன் மினுங்கியது, அதைத் தூக்கிப்போட்டு விழுங்கிவிட்டு நீந்தி வந்து வேரில் ஏறியது. "வந்துட்டு," என்று அவர் கையைப் பிடித்துவிட்டேன். "பத்து!" அவர் முகம் மலர்ந்தது, அதை நான் ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்துப் பார்த்தேன், எண்ணிக்கை தப்பினால் தப்பட்டும். "இன்னொண்ணு?" என்றார். மறுபடி குனிந்தேன். தண்ணீர் சும்மா கிடந்தது. அவருக்காக இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தேன், பிறகு இன்னும் கொஞ்ச நேரம். பதினொன்றாவது வரவில்லை.

"பத்துதாங்க," என்றேன்.

"அப்ப பத்துன்னே எழுது," என்றார்.